எடுத்தால் கடைசி வரை: வடசென்னையில் பள்ளி திறக்கும் வாரம்

ஜூன் 1, 2025, ஞாயிறு

விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நேராகப் புது வண்ணாரப்பேட்டையில் இறங்கிவிடலாம். நடுவில் எங்கும் மாற வேண்டாம். 2021இல் பாதை விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து எங்களைப் போல வந்துபோகிறவர்களுக்குப் பெரிய வசதி இது. என் பெட்டிகளில் துணிமணி குறைவு, சிறுவர் கதைப் புத்தகங்கள்தான் அதிகம்.

இந்தப் பயணம் எதற்கு என்று புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. சென்னையிலிருந்து போனவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. அலுவலகம் கிடையாது, சம்பளம் வாங்குகிறவர் யாரும் கிடையாது. கூட்டம் என்றால் யாராவது ஒருவர் வீட்டு ஹால்தான். நன்கொடையாளர் மாதம் 20 பவுண்டு கொடுத்தால், அவர் அங்கே வருமான வரி கட்டுகிறவராக இருந்தால், கிஃப்ட் எய்டு என்ற ஏற்பாட்டின்படி அரசு இன்னொரு 5 பவுண்டு சேர்த்துத் தருகிறது. அந்தப் பணம் இங்கே ஒரு டிரஸ்டுக்கு வந்து, காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. எங்களில் ஒருவர் கைக்காசில் டிக்கெட் எடுத்து நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது நாங்களே வைத்துக்கொண்ட விதி. இந்தத் தடவை என் முறை.

ரயில் ஆயிரம் விளக்கைக் கடந்தபோது, எங்கள் நன்கொடையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி நினைவுக்கு வந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தது இந்த ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில்தான். அப்போது மாநகராட்சிக்குத் தலைமை வகித்தவர் பிட்டி தியாகராயர். இதே பாதையில் இன்னும் சில நிலையங்கள் தள்ளி அவர் பெயரில் கல்லூரியும், கல்லூரி பெயரில் நிலையமும் இருக்கின்றன. பிறகு 1956இல் காமராஜர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், 2022இல் காலை உணவும் வந்தது. புத்தகம், நோட்டு, சீருடை, பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது. இவ்வளவும் இருக்கிற ஊரில் லண்டன் பணம் எதற்கு?

நியாயமான கேள்வி. கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருவதில்லை. இந்த வாரம் முழுக்க நான் பார்க்கப் போவதும் அதற்கான பதிலைத்தான்.

ஜூன் 2, திங்கள்

இன்று பள்ளிகள் திறந்தன. காலை எட்டு மணிக்கே தண்டையார்பேட்டைத் தெருக்களில் புதுச் சீருடை. தலை நிறைய எண்ணெய், ரெட்டை ஜடை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு காசிமேடு. துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிடும் பருவம் என்பதால் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நல்ல ஏற்பாடு, மீனவர்களே அதை ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் பள்ளி திறப்பதும் இதே தடைக்காலத்துக்குள்தான். ஒன்றரை மாதமாக வருமானம் இல்லாத வீட்டில் ஜூன் முதல் வாரம் செலவு வந்து நிற்கிறது. அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது அரிசிக்கும் வாடகைக்கும் சரியாகிவிடும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சமாளித்துவிடுகிறார்கள். தனியார் பள்ளியில் போட்ட குடும்பங்களின் கதை வேறு. ஏன் அங்கே போட்டீர்கள் என்று வெளியிலிருந்து வருகிற நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். கடலுக்குப் போகிறவருக்குத் தன் பிள்ளை இங்கிலீஷ் பேச வேண்டும் என்ற ஆசை இருக்கக் கூடாதா?

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பு இடங்களில் 25 சதவீதம் ஏழைப் பிள்ளைகளுக்கு, எட்டாவது வரை கட்டணம் இல்லை. இந்த வருடம் தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கையே இன்னும் தொடங்கவில்லை. மத்திய அரசு தர வேண்டிய பணம் வரவில்லை என்கிறது மாநில அரசு. அதனால் எங்கள் பணத்தில் டிரஸ்ட் நடத்தும் டியூஷன் சென்டரின் வாசலில் இன்று தாய்மார்கள் கையில் பிறப்புச் சான்றிதழோடு நின்றார்கள். "லண்டன்லேர்ந்து வந்துருக்கீங்களாமே, எம் பொண்ணுக்கு எல்.கே.ஜி. மட்டும் கட்டிக் குடுங்கக்கா, அப்புறம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார் ஒருவர்.

முடியாது என்று சொல்வதற்கு நேரம் பிடித்தது. எல்.கே.ஜி.க்குக் கட்டிவிடலாம், பணம் இருக்கிறது. யு.கே.ஜி.க்கு? ஒன்றாவதுக்கு? வருடா வருடம் கூடுகிற கட்டணம் அது. மூன்றாவது படிக்கும்போது கட்ட முடியாமல் போனால் அந்தப் பிள்ளை நண்பர்களை விட்டு, நடு வருடத்தில், டி.சி. கிடைக்காமல் அலைய வேண்டும். அப்படி அலைந்த குடும்பங்கள் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன. இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

சென்டரை நடத்தும் அக்கா இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். இங்கே படிப்பு நிற்கும் இடங்கள் மூன்று என்பது அவர் கணக்கு. ஐந்தாவது முடிந்து ஆறாவதுக்கு வேறு பள்ளி மாறும்போது, பத்தாவதில் ஒரு பாடம் போகும்போது, பிளஸ் டூ முடிந்தபின் அடுத்து என்ன என்று தெரியாதபோது. மற்ற வருடங்களில் பிள்ளைகள் தானாகவே ஓடிவிடுகிறார்கள் என்றார். எங்கள் பணத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

பிளஸ் ஒன் போக வேண்டிய பையன் ஒருவன் இன்று பள்ளிக்குப் போகவில்லை. துறைமுகத்தில் மாமாவோடு உட்கார்ந்து கிழிந்த வலை பின்னிக்கொண்டிருந்தான். விரல்கள் அவ்வளவு வேகம். 15ஆம் தேதி படகு இறங்கினால் கூடவே போகலாம் என்று யோசிக்கிறானாம். அக்கா அவனைத் திட்டவில்லை. "நாளைக்கு சாயந்தரம் வா, கணக்கு மட்டும் போடலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 3, செவ்வாய்

நாள் முழுக்க டிரஸ்ட் அலுவலகத்தில் கணக்கு. ரசீது, வவுச்சர், வங்கிப் புத்தகம். எங்கள் கணக்கைப் பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் லண்டனிலிருந்து வீடியோவில் வந்தார். ஒரு ஆட்டோ பில் விடாமல் கேட்டார். பணம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு அறங்காவலர்களுடையது. அங்கே அறக்கட்டளை ஆணையத்துக்கு நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் ஆண்டறிக்கை தர வேண்டும்.

வெளியில் தெரியாத சிக்கல் இந்தியப் பக்கத்தில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதே மாதிரி அமைப்பு ஆரம்பிக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வெளிநாட்டு அமைப்பிடமிருந்து பணம் வாங்க, இங்குள்ள டிரஸ்ட் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எஃப்.சி.ஆர்.ஏ. என்றால் எல்லோருக்கும் புரியும். பதிவு ஐந்து வருடத்துக்கு. 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் இறங்குகிற இடம் ஒன்றே ஒன்று: டெல்லி சன்சத் மார்க்கில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளை. காசிமேட்டுப் பிள்ளையின் டியூஷன் காசும் டெல்லி போய்த்தான் சென்னை வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதி 20 ஆனது. எல்லாவற்றையும்விட எங்களைப் பாதித்தது, ஒரு டிரஸ்ட் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு டிரஸ்டுக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதி. அதற்கு முன் பெரிய டிரஸ்ட் ஒன்று எங்கள் பணத்தை வாங்கி, தெருவில் சென்டர் நடத்தும் சின்ன அமைப்புக்குக் கொடுத்துவந்தது. அது ஒரே நாளில் முடியாமல் போனது. பதிவும் இருந்து சென்டரையும் தானே நடத்தும் டிரஸ்டைத் தேடிப் பிடிக்கும் வரை, அக்கா சம்பளம் இல்லாமல் தன் வீட்டுத் திண்ணையில் பாடம் நடத்தினார்.

இப்போது இந்த டிரஸ்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் காலம். காலாவதி ஆவதற்கு நான்கு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள் என்று ஏப்ரலில் அமைச்சகம் அறிவித்தது. இவர்கள் அதற்கும் முன்பே போட்டுவிட்டார்கள். பதில் வர வேண்டும். வராமல் தேதி தாண்டினால், அன்றிலிருந்து லண்டன் பணம் ஒரு பைசா வாங்க முடியாது.

இதெல்லாம் வெறும் பயம் இல்லை. கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற பெரிய அமெரிக்க அமைப்பின் திட்டத்தை வைத்து, ஆறு நாடுகளில், இந்தியாவும் சேர்த்து, பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். எங்கள் வேலையில் எனக்கு நம்பிக்கை கொடுத்த ஆய்வு அது. அதே அமைப்புக்கு 2016இல், முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்று உத்தரவு வந்தது. 2017 மார்ச்சில் அது இந்தியப் பணியை நிறுத்திக்கொண்டது. அந்த முடிவின் சரி தவறு பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். எனக்குத் திரும்பத் திரும்ப வருகிற எண்ணம் ஒன்றுதான்: அந்த மார்ச்சில் பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

அண்ணனிடம் ஒரு யோசனையைச் சொன்னேன். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் இந்தச் சட்டத்தில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகும். எங்கள் ஆட்களில் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒரு பகுதியை நேரடியாக டிரஸ்டுக்கே அனுப்பினால்? கிஃப்ட் எய்டு கிடைக்காது, 20 பவுண்டு 20 பவுண்டாகவேதான் இருக்கும். ஆனால் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி திறந்திருக்கும். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஓம், அதைச் செய்வம்" என்றார். அவருடைய படிப்பே கனடாவிலிருந்த சித்தப்பா அனுப்பிய காசில் நடந்தது. ஒரு மாதம் காசு வராவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜூன் 4, புதன்

பெரும்பாக்கம். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடப்பதால் சோழிங்கநல்லூர் வந்து சேர்வதற்கே வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

எட்டு மாடிக் கட்டடங்கள், வரிசை வரிசையாக. நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களை இங்கே கொண்டுவந்தார்கள். நான் பார்க்கப் போன பெண்ணின் குடும்பம் கூவத்தின் கரையில், தீவுத்திடலுக்குப் பக்கத்தில் சத்தியவாணி முத்து நகரில் இருந்தது. டிரஸ்டுக்கு அப்போது சென்ட்ரல் பக்கமும் ஒரு சென்டர் இருந்தது, அவள் அங்கேதான் வந்துகொண்டிருந்தாள். 2019 டிசம்பரில் அங்கே வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். அவள் ஏழாவது, நடு வருடம். அம்மா பள்ளியை மாற்றவில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, மகளைப் பழைய பள்ளியில் விட்டுவிட்டு அதே பக்கம் வீட்டு வேலைக்குப் போனார். மார்ச்சில் கொரோனா வந்து எல்லாமே நின்றது. பிறகு இந்தப் பக்கமே அரசுப் பள்ளியில் சேர்ந்து, போன மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கணக்கில் நல்ல மார்க்.

லிஃப்ட் ஓடவில்லை. ஏழாவது மாடி ஏறினோம். அம்மா எனக்கு ரஸ்னா கலந்து வைத்திருந்தார்.

பிராட்வேயில் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் அவள் விருப்பம். அரசுக் கல்லூரி, கட்டணம் பெரிய பாரமில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சாதாரண அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கணக்குப் பார்த்தால் பணப் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை தூரம். இங்கிருந்து பாரிமுனை இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். போக ஒன்றரை மணிக்குக் குறையாது, வர இரண்டு. வீட்டில் இரண்டு தம்பிகள், தண்ணீர் பிடிப்பது, சமையல். ஓ.எம்.ஆர். கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அது நடக்கும் தூரம். அம்மா அவளைப் போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. "அவ இஷ்டம்க்கா. ராத்திரி ஒம்பது மணிக்கு வந்து, எப்ப படிப்பா?" என்று கேட்டார்.

அதுதான் பதில். உணவு இலவசம், புத்தகம் இலவசம், பஸ் இலவசம். தினமும் நாலு மணி நேரத்தை யார் தருவது? கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இடம் எடுத்துக் கொடுத்தால் அந்த நேரம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். அரசு விடுதிக்கும் விண்ணப்பிக்கச் சொன்னோம். கிடைத்தால் நல்லது, கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

ஹாஸ்டல் செலவை மூன்று வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். சென்டரில் புதிதாகச் சேர்க்க நினைத்திருந்த சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பல வருடம் வரும் பணம் அது. அவளிடம் இன்று எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மூன்று வருடப் பணமும் ஒதுக்கியாகிவிட்டது என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு வார்த்தையும் விடக் கூடாது என்பது எங்களுக்குள் கட்டாயம். அவளும் எதுவும் கேட்கவில்லை. என் போனில் கல்லூரியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் சென்டர். பிளஸ் ஒன் பையன் வந்திருந்தான், கணக்கு நோட்டு இல்லாமல். அக்கா புது நோட்டு ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

வந்த வேலைகளில் இன்னொன்று, நன்கொடையாளர்களுக்குப் பிள்ளைகளிடம் நன்றிக் கடிதம் வாங்கிப்போவது. வழக்கமாக அக்கா போர்டில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். இன்று பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி, தான் இதுவரை பார்க்காத ஒரு மாமாவுக்கு, "உங்கள் உதவி இல்லை என்றால் நான் இல்லை" என்று எழுதினாள். அவள் அப்பா முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். அவள் இருப்பதற்குக் காரணம் அவரும் அவள் அம்மாவும்தான். அந்தக் கடிதத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை. இனிமேல் யாரிடமும் கடிதம் வாங்க வேண்டாம், போட்டோவும் வேண்டாம், சென்டர் எப்படி நடக்கிறது, எத்தனை பேர் தேறினார்கள் என்று நாங்களே எழுதி அனுப்புவோம் என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். சில நன்கொடையாளர்கள் போய்விடுவார்கள் என்று ஒரு நண்பர் பதில் போட்டார். போகலாம். பிள்ளையின் படம் இல்லாமலும் தொடர்பவர்களை வைத்துத்தான் நீண்ட கணக்குப் போட முடியும் என்று நான் நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் மீதிப் பிள்ளைகள் கதைப் புத்தகப் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள். ஒரே சத்தம்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் பழைய மாணவர்கள் சிலரைச் சந்தித்தோம். சென்டரில் படித்து இப்போது வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் மருத்துவமனை லேபில், ஒருவர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில், ஒருவர் மாநகராட்சிப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று ஏற்கெனவே டிரஸ்டுக்குக் கொடுத்துவருகிறார்கள். அது ரூபாய், இந்தியப் பணம், எந்தப் பதிவுக்கும் காத்திருக்க வேண்டாம். லண்டன் பணம் திடீரென்று நின்றால் அக்காவின் சம்பளமும் சென்டர் வாடகையும் மட்டுமாவது இவர்கள் பணத்தில் ஓட வேண்டும் என்று பேசினோம். மாதா மாதம் எவ்வளவு தேவை என்று தாளில் எழுதினோம். பாதிதான் தேறியது. இன்னும் ஆட்களைச் சேர்க்க லேபில் வேலை பார்ப்பவர் பொறுப்பெடுத்திருக்கிறார்.

மதியம் லண்டனோடு கூட்டம், அவர்களுக்குக் காலை. நீளமாகவே போனது. புதிதாகப் பத்துப் பிள்ளைகளைச் சேர்க்கலாம், பணம் தானாக வரும் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் மனசு நல்ல மனசு. நான் ஒத்துக்கொள்ளவில்லை, அண்ணனும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் முடிவானது இது: இந்த வருடம் புதிதாக நான்கு பேர் மட்டும், அதுவும் ஆறாவதுக்கு மாறுகிறவர்களிலிருந்து, அக்கா சொல்லும் வரிசையில். எல்.கே.ஜி. கட்டணம் கிடையாது. பத்தாவதில் பாடம் போனவர்களுக்குத் துணைத்தேர்வு வரை தனி வகுப்பு. பெரும்பாக்கத்துப் பெண்ணுக்கு மூன்று வருட ஹாஸ்டல் பணம் முழுவதையும் இன்றே தனியாக ஒதுக்குவது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் நேரடியாகக் கொடுக்கும் ஏற்பாட்டை இங்குள்ள ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பது.

திங்களன்று கேட்ட அந்த அம்மாவின் பெண்ணுக்கு இதில் இடமில்லை. பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் எல்.கே.ஜி. இருக்கிறது, அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாலையில் பெரும்பாக்கத்துக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தார். ஹாஸ்டல் விஷயத்தைச் சொன்னதும், "எத்தினி மாசத்துக்கு?" என்று கேட்டார். மூன்று வருடத்துக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, மகளைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார். அவளுக்குக் கலந்தாய்வு அழைப்பு வந்திருக்கிறது. எந்தெந்தச் சான்றிதழுக்கு எத்தனை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். சாதிச் சான்றிதழ், டி.சி., மார்க் ஷீட், மூன்று மூன்று பிரதி, போட்டோ ஐந்து என்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். திங்கட்கிழமை அம்மாவும் அவளும் பிராட்வே வருகிறார்கள், அக்கா கூடப் போய் இரண்டு ஹாஸ்டல் பார்த்துவிட்டு எனக்கு எழுதுவார்.